ஒன்றுமில்லாத அண்டத்தின் அட்டவணை

பாதிப் படி இறங்கிய ஓக் சொங்ஹி மறுபடியும் மூன்றாம் மாடிக்கு ஏறுகிறாள். காலையிலிருந்து இது நான்காவது தடவை. கரும்பலகையில் எழுதிய கணக்கை மூக்கு உரசப் பார்க்கிறாள். "ஒரே ஒரு தடவ பாத்துடறேன்" என்பது அவள் வாயை விட்டு அகலாத பேச்சு. பேருந்து ஏறியபின் வீட்டுக்காரம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அடுப்பை அணைத்தேனா என்று கேட்பாள். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி நறுக்கிய கிம்பாப்பை ஓரத் துண்டிலிருந்துதான் தின்பாள். நடுவில் தொடங்கினால் நாள் கெட்டுவிடுமாம்.

கொரியாவின் தேஜோன் நகர ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை தூரம் அளப்பது. விண்மீனோ தூசியோ இல்லாமல் சும்மா விரிந்துகொண்டே போகும் ஓர் அண்டத்தில், காகிதத்தில். "ஆளில்லாத வீட்ட அளக்கவாடி இத்தன படிப்பு?" என்று அம்மா தொலைபேசியில் திட்டுவாள். ஆனால் இருப்பதிலேயே எளிய கணக்கு அதுதான். அதனாலேயே மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கணக்கு சரியா என்று முதலில் சொங்ஹி போட்ட தூர அட்டவணையோடு ஒத்துப்பார்க்கிறார்கள்.

நேற்று பல் துலக்கும்போது பொறி தட்டியது. தொலைவில் ஒரு விளக்கு இருப்பதாக வைத்துக்கொண்டால், அது எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதிலிருந்து ஒரு தூரம், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து இன்னொன்று. முதலாவதை, ஒளி வந்து சேர்வதற்குள் அண்டம் விரிந்த மடங்கால் இரண்டு தடவை பெருக்கினால் இரண்டாவது வரும். அவள் ஒரே தடவைதான் பெருக்கியிருந்தாள். அட்டவணையின் கிட்டத்து வரிகளில் வித்தியாசம் கண்ணில் படாது. தூரத்து வரிகளில் பாதிக்குப் பாதி போய்விடும். இரண்டு வருடமாக ஒருவரும் கவனிக்கவில்லை. இன்று இரண்டு மணிக்கு அதே அட்டவணையைப் பார்த்துத்தான், அவளை வேலையில் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று குழு முடிவு செய்யும்.

"வாய மூடிட்டுப் போங்கக்கா. வேலை நீட்டிச்சப்புறம் திருத்திக்கலாம்" என்றான் எதிர்மேசை தாக் யோங்சு. "காலி அண்டத்துல தூரம் தப்புனா யாரு வழி தவறிடப்போறா?"

"பூசான் ஆய்வுக்கூடத்துக்காரங்க அடுத்த வாரம் அவங்க கணக்க நம்ம தூரத்து வரியோட ஒத்துப்பாக்கறாங்கடா. அவங்க சரியாத்தான் போட்டிருப்பாங்க. என்னோடதப் பாத்துட்டு அதத் தப்பா மாத்திடுவாங்க."

"அப்ப உங்க வேல?"

அவள் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துப் பையில் போட்டாள். நாற்பத்தொரு வயதில் இனி எந்த ஊரில் போய் விண்ணப்பம் போடுவது?

கூட்ட அறையில் ஐந்து பேர். அட்டவணையைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். "ரொம்ப நல்ல வேலைம்மா, ஆரம்பிங்க" என்றார் தலைவர். சொங்ஹி எழுந்து சுவரருகே போனாள். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். மங்கலை வைத்துப் போட்ட தூரங்கள் இருந்த கடைசிப் பத்தியை மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் அடித்தாள்.