மணவறையில் படுத்திருந்த மாப்பிள்ளை

என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். மூன்றாம் நாள் ஐசியூவுக்குள் நுழைந்தேன். "வாங்கம்மா, நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்றார். பேரன் எடுத்த பிறகு கட்டின புருஷன் வாயால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

அவர் இருப்பது கல்யாண மண்டபமாம். எங்கள் ஊர் ஒத்தக்கடையில் எந்த விசேஷம் என்றாலும் பந்தி விசாரிப்பது அவர்தான். அந்த நினைப்பு மயக்கத்திலும் விடவில்லை. மானிட்டர் கத்தினால் நாதஸ்வரக்காரன் சரியில்லை என்கிறார். ரசம் வரவில்லை என்று மார்பிலிருந்த குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழப் பார்க்கிறார்.

டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிப் புத்தி குழம்புறது உண்டும்மா, தெளிஞ்சிரும். ஆனா இதயம் பம்ப் பண்றது இப்பக் கொறஞ்சுதான் இருக்கு. இவரு இப்படி முண்டினா தாங்காது. இனியும் எந்திரிச்சா கையைக் கட்டித்தான் போடணும்."

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். போய் ஒரு அதட்டு அதட்டினேன். பெண் வீட்டார் இம்புட்டு வாய் பேசக்கூடாது என்று எனக்கே புத்தி சொன்னார்.

சரி, மண்டபம் என்றால் மண்டபம்தான். "பந்தியை உங்க தம்பி பாத்துக்கிருவாரு. நீங்கதான் மாப்ள. மாலையோட மணவறையில இருக்கீங்க. தாலி கட்டாம எந்திரிக்கலாமா?" என்றேன். பக்கத்தில் நின்ற எழுமலை ஊர்க்கார நர்ஸ் பிள்ளையும், "ஆமாய்யா, சபையில அசிங்கமாப் போயிரும்" என்று ஒத்து ஊதியது.

கை குழாயை விட்டது. தலையணையில் சாய்ந்தார். "பொண்ணு யாரு?"

"நான்தான்."

எங்களுக்குப் பெண் பார்த்த அன்று அவர் தலையே நிமிரவில்லை. பிடித்திருக்கிறதா என்று அவரையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். இப்போது நிதானமாகப் பார்த்தார். நரைத்த தலை, வியர்த்த முகம், ஒன்றையும் விடவில்லை. பிறகு நர்ஸிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பாகிட்டச் சொல்லிருங்க. எனக்குப் பிடிச்சிருக்கு."

திரைக்குப் பின்னால் போய் அழுதேன்.

கையைக் கட்டவில்லை. ஆடாமல் அசையாமல் படுத்திருந்தே புத்தி தெளிந்தார். பம்பும் மெல்ல ஏறியது. இப்போது கேட்டால், "மயக்கத்துல ஆயிரம் உளறியிருப்பேன்டி" என்கிறார். உளறட்டும். நான் யாரென்றே தெரியாமல் என்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன மனுஷன் அவர். தெரிந்த பிறகு என்ன சொன்னால் எனக்கென்ன.