துண்டு போட்டு வைத்த சீட்டு

என் வாழ்நாளில் நான் செய்த தியாகம் ஒன்றே ஒன்றுதான். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் வீட்டில் கேட்டால் சந்தோஷமாகச் சாட்சி சொல்வார்கள். ஒரு முறை செய்து பார்த்ததே போதும் என்று ஆகிவிட்டது.

சித்தப்பா ஒரு ராக் பேண்டில் பாடிக்கொண்டிருந்தார். அம்பத்தூரில் ராக் பேண்டா என்று சிரிப்பவர்கள் கூட்டத்தில் முதல் வரிசையில் எங்கள் அப்பா இருந்தார். பேண்டின் பெயர் ‘மின்தடை’. பேப்பரில் மாதம் தவறாமல் ‘அம்பத்தூரில் நாளை மின்தடை’ என்று போடுவார்கள், விளம்பரச் செலவு மிச்சம் என்பது டிரம்ஸ் அண்ணாவின் யோசனை. அப்படி விளம்பரம் சொன்ன நாள் ஒன்றில்கூட அவர்களால் வாசிக்க முடிந்ததில்லை, கரண்ட் இருக்காது.

மொத்தம் நான்கு பேர். சித்தப்பா பாட்டும் கிடாரும். டிரம்ஸ் அண்ணா பாடி என்கிற பக்கத்து ஏரியாவில் பிறந்து வளர்ந்தவர், பேசினாலே அடிப்பது போல இருக்கும். கீபோர்டு அண்ணா கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவர், தப்பாக வாசித்தால் கீபோர்டிடமே மன்னிப்புக் கேட்கிற ஆள். பேஸ் கிடார் அண்ணா அதிகம் பேசமாட்டார். ஆனால் இடம் அவருடையது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவருடைய அப்பா லேத் பட்டறை நடத்தி மூடிய ஷெட்டில், சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டிவைத்து அதை ஸ்டுடியோ என்றார்கள். பக்கத்து ஷெட்டில் தகடு அடிக்கிற பவர் பிரஸ் ஓடும். டிரம்ஸ் அண்ணா அதோடு போட்டிபோட்டுத் தோற்றுப்போவார். அதனால் ஒலிப்பதிவு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். மாடி போர்ஷனில் இருந்த சித்தி நான்கு பேருக்கும் சமைத்துக் கேரியரில் அடுக்கிக் கொடுப்பாள். கேரியரை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பாவின் பைக்கில் டேங்க் மேல் உட்கார்ந்து போய் இறங்குவது என் உத்தியோகம். பேண்டின் ரசிகர் மன்றத் தலைவி நான். செயலாளரும் நானே, உறுப்பினரும் நானே. டிரம்ஸ் அண்ணா என்னை மேனேஜரம்மா என்று கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் இது எல்லோருக்கும் தெரியும்படி பார்த்துக்கொண்டேன்.

அந்த வருஷம் எட்டுப் பாட்டுகளோடு முதல் ஆல்பம் தயாரானது. ஆல்பத்துக்கு முன்னால் ஒரே ஒரு பாட்டை மட்டும் வீடியோவாக எடுத்து இணையத்தில் விடவேண்டும், அதற்கு முதல் சிங்கிள் என்று பெயர். அது பிடித்தால்தான் மற்ற ஏழையும் ஜனங்கள் தேடிக் கேட்பார்கள். பிடிக்காவிட்டால் எட்டும் போச்சு. சித்தப்பாவுக்கு அதற்கு மேலும் ஒரு சிக்கல் இருந்தது. இந்த ஒரு பாட்டு ஓடவில்லை என்றால் கிடாரை விற்றுவிட்டு, திருமழிசையில் தனக்குத் தெரிந்தவருடைய கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குப் போகவேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். சித்தப்பாவும் தலையாட்டியிருந்தார். அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டுவது அவருக்குப் பழக்கம்.

எட்டில் எது என்பதற்கு அவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது: அவரவர் எழுதிய பாட்டுக்கு அவரவரே கை தூக்கக்கூடாது. காரணம், இதற்கு முன் இருந்த பேண்டில் ஆளுக்கொரு பாட்டு எழுதி, ஆளுக்கொரு ஓட்டைத் தன் பாட்டுக்கே போட்டு, அன்றைக்கே நான்கு திசையில் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்களாம்.

கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு பாட்டு நின்றன. ஒன்று டிரம்ஸ் அண்ணாவுடையது. ஷேர் ஆட்டோவில் சில்லறை இல்லாமல் ஏறிவிட்டவனின் கதை. கேட்ட மாத்திரத்தில் கால் ஆடும். நடுவில் ஒரு குழந்தைக் குரல் ‘ரைட்டு, போலாம்!’ என்று கத்தும். அந்தக் குரல் என்னுடையது. அதற்காகத் தொண்டைக்கு இதம் என்று ஒரு வாரம் ஐஸ்கிரீமைத் தவிர்த்தேன். கத்தி முடித்த அன்றைக்கே ஈடுகட்டிவிட்டேன்.

இன்னொன்று சித்தப்பா எழுதியது. பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டையோ கைக்குட்டையையோ சீட்டில் எறிந்து இடம் பிடிப்பார்கள் இல்லையா, அதை வைத்து.

‘ஜன்னலோரச் சீட்டுல துண்டு போட்டு வச்சிருக்கேன்,
நீ ஏறும் ஸ்டாப்பு எது, கண்டக்டரும் சொல்லலையே’

என்று மெதுவாகத் தொடங்கும். பஸ் போய்க்கொண்டே இருக்கும். நிற்கிறவர்கள் எல்லாம் திட்டுவார்கள். இவன் துண்டை எடுக்கமாட்டான். கடைசி ஸ்டாப் வரைக்கும் யாரும் ஏறமாட்டார்கள். அவ்வளவுதான் பாட்டு.

அந்தக் கோடை விடுமுறையில் சித்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சின்னச் சட்டைகளும் வெள்ளைத் துணிகளும் வைத்த பையோடு போனவர்கள், அதே பையோடு இரண்டு பேராகவே திரும்பி வந்தார்கள். பாப்பா எங்கே என்று நான் வாசலிலேயே கேட்டேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளலில், இனிமேல் கேட்கக்கூடாது என்று புரிந்தது. புரிந்தது அது மட்டும்தான். அதற்குப் பிறகு சித்தப்பா மொட்டைமாடியில் உட்கார்ந்து அந்தப் பாட்டை எழுதியதையும் பார்த்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது பஸ் பாட்டு.

ஓட்டுப் போட்ட ஞாயிற்றுக்கிழமை கேரியரில் தக்காளி சாதம். சட்டப்படி டிரம்ஸ் அண்ணா சித்தப்பாவின் பாட்டுக்குக் கை தூக்கினார், சித்தப்பா அவருடைய பாட்டுக்குத் தூக்கினார். பேஸ் அண்ணா ஷேர் ஆட்டோ பக்கம். கீபோர்டு அண்ணா ஜன்னல் சீட்டுப் பக்கம். இரண்டுக்கு இரண்டு.

“என் பாட்டு கடைசியா இருக்கட்டும்டா, எட்டாவதா” என்றார் சித்தப்பா.

“எட்டாவது வரைக்கும் எவன் மாமே கேப்பான்?” என்றார் டிரம்ஸ் அண்ணா. “அதுக்குள்ள தூங்கிடுவான்.”

“கேக்கலன்னா பரவால்ல.”

“இன்னா பரவால்ல? நல்லா கீற பாட்டைத் தூக்கி மூலையில வைப்பியா? நானே என் பாட்டை வுட்டுக் குடுக்கறேன், நீ இன்னாடான்னா...”

“ரொம்ப மெதுவா போவுதுடா.”

“மெதுவா போனாத்தானுங்க ஜனங்க ஏறுவாங்க” என்றார் கீபோர்டு அண்ணா. சொல்லிவிட்டு, குறுக்கே பேசியதற்கு மன்னிப்பும் கேட்டார்.

பேசிப் பேசிச் சாதம் ஆறிவிட்டது. அப்போது டிரம்ஸ் அண்ணா குச்சியால் என்னைக் காட்டினார். “மேனேஜரம்மா இன்னாத்துக்குக் கீது? அது சொல்லட்டும்.” எனக்குக் கைராசி உண்டு என்று அவர் நம்பினார். நான் முணுமுணுக்கிற சினிமாப் பாட்டெல்லாம் அடுத்த வாரம் ஊரெல்லாம் ஓடுகிறதாம். பக்கத்து வீட்டு எஃப்.எம்.மில் முந்தின வாரமே அது ஓடியதை நான் வெளியே சொல்லவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி கையைக்கூடத் துடைத்துக்கொண்டேன்.

சித்தப்பா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “வாலு, ஷேர் ஆட்டோ பாட்டுல யார் குரல் வருது?”

“என் குரல்.”

“அது வெளியில வந்தா உன் ஸ்கூல்ல எல்லாரும் கேப்பாங்கல்ல?”

“கேப்பாங்க.”

“வேனு டிரைவர்கூடக் கேப்பாரு. அப்போ எந்தப் பாட்டு?”

இந்த இடத்தில்தான் தியாகம் நடந்தது. எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். சித்தப்பாவுக்குத் தன் பாட்டின் மேல்தான் ஆசை. கேட்க வெட்கம். சட்டம் வேறு குறுக்கே நிற்கிறது. வீட்டில்கூடக் கடைசி வடையை எனக்குக் கொடுத்துவிட்டுத் தனக்குப் பசியில்லை என்கிற ஆள். அவருக்காக நான்கூட இதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்? என் குரலையும், ஸ்கூலையும், வேன் டிரைவரையும் ஒரு மூச்சில் தூக்கிப் போட்டேன்.

“ஜன்னல் சீட்டு” என்றேன்.

டிரம்ஸ் அண்ணா சிம்பலை ஓங்கி அடித்தார். கீபோர்டு அண்ணா கைதட்டினார். சித்தப்பா எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, சாப்புடு” என்றார். ரொம்ப நெகிழ்ந்துபோய்விட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மிச்சச் சாதத்தையும் நானே சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பைக் நிற்பதற்கு முன் குதித்து மாடிக்கு ஓடி, சித்தியிடம் முதலில் நான்தான் சொன்னேன். சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “எந்தப் பாட்டு?” என்றாள். சொன்னேன். “நான்தான் செலக்ட் பண்ணேன்!” என்பதையும் சேர்த்துக்கொண்டேன். மடித்த துணியை உதறி, திரும்ப மடித்தாள். “எல்லாரும் கேப்பாங்களா அதை?” என்றாள். “ஊரே கேக்கும் சித்தி!” என்று தைரியம் சொன்னேன். அதற்குள் சித்தப்பா வாசலில் வந்து நின்றார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. நான் இருந்ததால்தான் பேசவில்லை என்பது அப்போது தோன்றவில்லை. அதனால் இருந்துகொண்டே இருந்தேன்.

என் கைராசி பொய்க்கவில்லை. பாட்டு ஓடியது. காதலித்தவள் கைவிட்டுப் போன பாட்டு என்று ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். டீக்கடையில், செல்போனில், பூந்தமல்லி பஸ்ஸில் பின் சீட்டுப் பையன்களின் வாயில் எல்லாம் அது வந்துவிட்டது. கிடார் தப்பியது. அப்பாகூட ஆபீஸில் ‘அது என் தம்பிதான்’ என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் விட்ட பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதை எந்த மேடையிலும் பாடாமல் இறங்க முடியாது. எட்டாவதாக இருந்திருந்தால் சித்தப்பா அதைப் பாடாமலே காலத்தை ஓட்டியிருக்கலாம். இப்போது வாரத்துக்கு ஒரு மேடை, மேடைக்கு ஒரு முறை, சில இடங்களில் இரண்டு முறை.

டிரம்ஸ் அண்ணா அதற்குள் ஒரு புதுமை செய்திருந்தார். இந்தப் பாட்டு வரும்போது மேடை நடுவில் காலியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவார். கூட்டம் கைக்குட்டையை, துண்டை, துப்பட்டாவை எல்லாம் சுருட்டி அதன் மேல் எறியவேண்டும். நாற்காலியில் போய் விழுந்தால் விசில் பறக்கும். அவர் நல்ல மனிதர். சித்தி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி பகலாக வாசலில் நின்றவர். பாட்டு எதைப் பற்றி என்று சித்தப்பா அவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஆவடிப் பக்கம் ஒரு காலேஜ் விழாவுக்கு எங்களையும் அழைத்துப்போனார் சித்தப்பா. சித்தி மேடைக் கச்சேரிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவள் வருவதாகவே இல்லை. நான்தான் அழுது ஆர்ப்பாட்டம் செய்து இழுத்து வந்தேன். முன் வரிசையில் இடம் கொடுத்தார்கள். பாட்டு தொடங்கியது, நாற்காலி வந்தது. பின்னாலிருந்து துண்டுகள் பறந்தன. ஒன்றும் சரியாக விழவில்லை. எனக்குக் கை பரபரத்தது. என்னிடம் எறிய எதுவும் இல்லை. சித்தியின் கையில் கைக்குட்டை இருந்தது, இறுக்கிப் பிடித்திருந்தாள். “குடு சித்தி, குடு சித்தி” என்று பிடுங்காத குறையாகக் கேட்டேன். கொடுத்தாள். ஈரமாக இருந்தது. ஈரத் துணி நன்றாகப் பறக்கும் என்று சந்தோஷப்பட்டேன்.

சுருட்டி எறிந்தேன். நேராக நாற்காலியின் நடுவில் போய் விழுந்தது. கூட்டம் கூரையைப் பிய்த்தது. சித்தப்பா குனிந்து அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார். ஓரத்தில் பூ வேலை செய்தது, வீட்டில் அவர் தினமும் பார்க்கிறது. அடுத்த வரி வரவேண்டிய இடத்தில் வரவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றார். கீபோர்டு அண்ணா அதே இசையைத் திரும்ப வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். அப்போதும் வரவில்லை.

ஐயோ, வரி மறந்துவிட்டது என்று எனக்குப் பதறிவிட்டது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி மேல் ஏறி நின்று, ‘நீ ஏறும் ஸ்டாப்பு எது’ என்று தொண்டை கிழியக் கத்திப் பாடினேன். கூட்டம் என்னோடு சேர்ந்துகொண்டது. திரும்பிப் பார்த்தால் சித்தி கைதட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்து மற்றவர்கள் நிறுத்திய பிறகும் மேடையைப் பார்த்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தாள். என் குறியைப் பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, நான் மட்டும் எடுத்துக் கொடுத்திருக்காவிட்டால் இன்றைக்கு மானம் போயிருக்கும் என்று அம்பத்தூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

“ஆமா வாலு, பாட்டே நின்னுருக்கும்” என்றார் சித்தப்பா.