முனியம்மா அத்தை விட்ட அஞ்சடி

சென்னையில் ஒரு நூலக அரங்கு. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட அமெரிக்கக் கறுப்பின மக்கள் தாங்களே திட்டமிட்டுக் கட்டிய ஊர்களைப் பற்றிய கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரையில் ஒரு பழைய வரைபடம் காட்டினார்கள். தெருக்கள் நேராகவும் அகலமாகவும் இருந்தன. எனக்குச் சுண்ணாம்புத் தூளின் நெடி மூக்கில் ஏறியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆரணிக்கு வெளியே சேத்துப்பட்டு சாலையோரம் எங்களைப் போன்ற தலித் குடும்பங்களுக்கு மனைப்பட்டா கிடைத்தது. எனக்கு எட்டு வயது. களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய அப்பாவும் மற்றவர்களும் தெருவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். காகிதத்தில் தெரு பன்னிரண்டு அடிதான். அப்பா இருபது அடி வேண்டும் என்றார். அப்படியானால் இருபுறமும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் நான்கடி விட வேண்டும்.

முனியம்மா அத்தை மட்டும் ஒப்பவில்லை.

"நாலடி உட்டுட்டா என் ஆட்ட எங்க கட்றதுப்பா?"

"பழைய சந்துல கார் உள்ள வர முடியாம, உன் மருமவள கட்டில்ல தூக்கிகினு ஓடுனோமேக்கா. ரோட்டுக்குப் போறதுக்குள்ள..." அப்பா அதோடு நிறுத்திக்கொண்டார்.

அத்தை சுண்ணாம்புக் கோட்டருகே போனாள். குனிந்து தன் மனையின் முளைக்குச்சியைத் தானே பிடுங்கினாள். அடி வைத்து அளந்து, உள்ளே தள்ளி அடித்தாள்.

"அஞ்சடியா இருக்கட்டும்" என்றாள்.

இன்றும் அவள் வாசலில் மட்டும் தெரு ஓரடி அதிகம்.

அரங்கில் கேள்வி நேரத்தில் எழுந்து, "இந்தத் தெருக்களுக்கு இடம் விட்டவங்க யாருங்க?" என்று கேட்டேன்.

பேச்சாளர் தன் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்.

"பேரு எதுவும் பதிவாகலைங்க."