பொட்டு வைத்த பெட்டிகள்

தொண்ணூறுகளின் நடுவில், அரியலூரில் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொண்ட மகராசன் என் கணவர். வயிற்றில் வைத்த குழாய் வழியாக மருந்து நீரை விட்டு, சில மணி நேரம் கழித்து வடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு பை. அந்தப் பைகளைப் பெட்டி பெட்டியாக மெட்ராஸிலிருந்து வரவழைப்பது என் உத்தியோகம்.

ஒரு சரஸ்வதி பூஜையன்று கையிருப்பு ஒரே ஒரு பெட்டி. பார்சல் ஆபீசுக்கு ஓடினேன். எங்கள் பெட்டிகளோடு வந்த லாரி, மாலையும் வாழைக்கன்றுமாக மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தது.

“பூஜை போட்டாச்சும்மா. இனி நாளைக்குத்தான் தார்ப்பாய அவுப்போம்,” என்றார் குமாஸ்தா.

“ரொம்ப நல்லதுங்க. எங்க வூட்டுக்காரரு கிட்னியும் இப்படித்தான் லீவு போட்டுச்சு. இன்னும் வேலைக்குத் திரும்பல,” என்றேன்.

தார்ப்பாய் அவிழ்ந்தது.

மாட்டு வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, போரில் ஜெயித்தவளாக வீடு வந்தேன். கூடத்தில் அரிவாள்மனை, கத்தரிக்கோல், தையல் மிஷின். அந்த வரிசையில் கையிருப்புப் பெட்டியும் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. வைத்தவர் சாட்சாத் என் கணவர். வந்திறங்கிய பெட்டிகளுக்கும் பொட்டு வைக்கக் கிண்ணத்தோடு எழுந்தார்.

“பூஜையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது,” என்றார்.

“சரிங்க. இந்த வூட்டுல ஓயாம ஓடுற மிஷின் நான்தான். எனக்கும் ஒரு பொட்டு வச்சிடுங்க. நாளைக்கு எந்திரிக்கறேன்.”

பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன்.

பெட்டியை அவரே பிரித்தார்.