அக்பர் பாஷா வாங்கிக்கொள்ளாத ஒரு மணி நேரம்

அக்பர் பாஷா என்ற பெயரை அன்வரி பேகம் முதன்முதலில் கேட்டபோது அவள் இன்னும் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நாற்பத்து நாலாம் வருஷம். மந்தைவெளியில் பெரியம்மா ஹமீதுன்னிசா வீட்டுக்கு வந்து முதல் ராத்திரி படுத்திருக்கிறாள். விடியும் நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தம். ஓட்டில் உட்கார்ந்திருந்த காக்காயெல்லாம் பறந்தது.

"டேய் அக்பர் பாஷா! ஏந்திருடா! எருமைகூட ஏந்து பால் குடுத்துட்டுப் போயிடுச்சு, நீ இன்னும் படுத்துக்கினு கீறியே!"

அன்வரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "யாரு பெரிம்மா அது? சின்னப் புள்ளையா?"

"ஆமா, இருபத்திமூணு வயசு சின்னப் புள்ள," என்றாள் ஹமீதுன்னிசா. "கத்தறது அவங்கம்மா கைசர் ஜஹான். நீ தூங்கு. அவன் ஏந்திரிக்க இன்னும் நாப்பது கத்து பாக்கி கீது."

கைசர் ஜஹானின் நாத்தனாரைத்தான் ஹமீதுன்னிசாவின் கொழுந்தனுக்குக் கொடுத்திருந்தது. அதனால் கல்யாணப் பேச்சு நடக்க வேண்டிய தூரம் அந்தத் தெருவின் அகலம் மட்டும்தான். ஆறு மாதத்தில் அன்வரி எதிர்வீட்டு மருமகள். அந்தப் பெயர் பக்கத்துப் பாயிலேயே குறட்டை விட்டது.

மாப்பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை, தூக்கத்தைத் தவிர. லஸ் முனையில் அப்துல் கஃபாரின் தையல் கடையில் வேலை. அவன் போட்ட காஜாவில் பொத்தான் நுழைந்தால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி போகும். மயிலாப்பூர் வக்கீல்கள் கோட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "பாஷா வந்தாச்சா?" என்று கேட்டு, வரவில்லை என்றால் திரும்பிப் போய்விடுவார்கள். பாதி நாள் வந்திருக்க மாட்டான். கேட்டால் ஒரே பதில்.

"யுத்தம்னு சொல்லி சர்க்கார் கடியாரத்த ஒரு மணி முன்னால தள்ளி வச்சுடுச்சு. அது என்னோட தூக்கம். அத்த எப்போ திருப்பிக் குடுக்கறாங்களோ அப்போ நான் சீக்கிரம் ஏந்திரிக்கிறேன்."

கடிகாரத்தைத் தள்ளி வைத்தது நிஜம்தான். அதற்கு முன்னாலும் அவன் எழுந்ததில்லை என்பதும் நிஜம்.

நாற்பத்தைந்தில் அப்துல் கஃபாருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஆம்பூரில் மகள் வீட்டோடு போய்விடலாம் என்று முடிவு செய்தார். கடையை, இரண்டு தையல் மெஷினோடு, வேலை செய்கிற இரண்டு பேரில் ஒருவனுக்குக் கொடுக்க வேண்டும். ஒருவன் குலாம் ரசூல். நேரம் தவறாதவன், ஆனால் அவன் தைத்த சட்டையில் இடது கை எப்போதும் கொஞ்சம் நீளம். இன்னொருவன் அக்பர் பாஷா. பெருநாள் தையல் முடிந்த கையோடு அவனைக் கூப்பிட்டார்.

"உன் கை தங்கம், கண்ணு துரு. நாப்பது நாளு நீ கடையத் தொற. நான் ஏழு மணிக்கு வருவேன், எனக்கு முன்னால கதவு தொறந்திருக்கணும். ஒரே ஒரு நாளு தப்பினாலும் கடை ரசூலுக்கு."

"முடியாது உஸ்தாத், அவனுக்கே குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு வந்து சோறு சாப்பிட்டான். அன்வரி கோபத்தில் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். வாடகை வீடு, மாமியாருக்கு மூச்சிரைப்பு, வயிற்றில் மூன்று மாதம். கடை கைக்கு வந்தால் குடும்பம் நிமிரும், போனால் அவன் ஆயுசுக்கும் ரசூலிடம் கூலி.

அவள் திட்டவில்லை. கூடைக்கு அடியிலிருந்து சேவலைப் பிடித்து வந்தாள். காஜா நூலை நாலு பிரியாக முறுக்கி ஒரு முனையைச் சேவலின் காலில் கட்டினாள். மறுமுனையைத் தூங்குகிறவனின் கால் கட்டைவிரலில் கட்டினாள்.

விடியற்காலை பஜ்ர் தொழுகை நேரத்துக்குச் சேவல் கூவியது, பிறகு இரை தேடிப் புறப்பட்டது. அக்பர் பாஷாவும் புறப்பட்டான். சேவல் முன்னே, இவன் ஒற்றைக் காலில் நொண்டியபடி பின்னே, கைலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டு, வாசல் வரைக்கும். "அம்மா! சைத்தான் இழுக்குது!" என்று அலறினான். கைசர் ஜஹான் சிரித்த சிரிப்பில் அவளுடைய மூச்சிரைப்பே கொஞ்ச நேரம் ஓடிப் போய்விட்டது.

எழுந்ததுதான் எழுந்தாய், கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போ என்று தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்தால் டீ தயார். ஆனால் டம்ளருக்குப் பக்கத்தில் மூடியில் ஓட்டை போட்ட பவுடர் டப்பா.

"காலணா போட்டாத்தான் டீ."

"இது இன்னா டீக்கடையா?"

"டீக்கடைல காசு அவனுக்குப் போவும். இங்க உங்களுக்கே வரும். போடுங்க."

'முடியாது' என்று சொன்னவனை அன்றைக்கே அப்துல் கஃபாருக்கு முன்னால் கடை திறக்க அனுப்பினார்கள், அது முதல் நாள். தினமும் டீ ஆறுவதற்குள் இன்னொன்றும் உண்டு. முன்தினம் வந்த ஒரு வாடிக்கைக்காரரின் அளவை நோட்டில் எழுத வேண்டும். அதுவரை எல்லா அளவும் அவன் தலைக்குள்தான். தூக்கத்தில் ஒருத்தர் இடுப்பு இன்னொருத்தருக்குப் போய்விடும். நாலாம் வகுப்பு வரை படித்த அன்வரி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டுவாள். முதல் வாரம் அவன் போட்ட 'மார்பு' ஈ செத்துக் கிடந்த மாதிரி இருந்தது. மூன்றாம் வாரம் அவனே எழுதி, தூரத்தில் பிடித்து, "பத்திரம் எழுதறவன் கைமாதிரி கீதுல்ல?" என்று கேட்டான்.

இதில் யாரும் எதிர்பாராத ஒரு கஷ்டம் வந்தது. பத்தாம் நாள் வாக்கில் சேவல் இழுக்கும் முன்பே அவன் எழ ஆரம்பித்தான். கைசர் ஜஹானுக்குக் கத்த வேலையில்லை. மறுநாளே பக்கத்து வீட்டு விசாலாக்ஷி மாமி வந்து நின்றாள்.

"ஏன்டி கைசர், தொண்டை கட்டிண்டிருக்கா? நீ கூப்பிடறதைக் கேட்டுண்டுதானே எங்காத்துல எல்லாரும் எழுந்துப்போம்! இன்னிக்கு அவருக்கு ஆபீஸ் போயிடுத்து, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் போயிடுத்து, பால்காரன் கதவைத் தட்டிப் பாத்துட்டுப் போயே போயிட்டான்!"

அன்று முதல் கைசர் ஜஹான், மகன் தொழப் போன பிறகு, காலிப் பாயைப் பார்த்துக்கொண்டு தெருவுக்காக ஒரு தடவை, "டேய் அக்பர் பாஷா, ஏந்திருடா!" என்று கத்துவாள்.

இப்படி முப்பத்து நாலு நாள் தப்பாமல் ஏழு மணிக்கு முன்னால் கடைக் கதவு திறந்தது. முப்பத்தைந்தாம் நாள் அக்டோபர் பதினைந்து. யுத்தம் முடிந்துவிட்டதால் அன்றைக்குக் கடிகாரத்தைப் பழையபடி ஒரு மணி பின்னால் வைக்கச் சொல்லி சர்க்கார் உத்தரவு. முதல் நாள் இரவு படுக்கப் போகும் முன் அன்வரி நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்தாள். அதற்குப் பிறகு கைசர் ஜஹான், 'இந்தப் பொண்ணு மறந்துட்டுப் படுத்துடுச்சு' என்று அதே நாற்காலியில் ஏறி இன்னொரு மணி பின்னால் வைத்தாள். ஒருத்தியிடம் ஒருத்தி சொல்லிக்கொள்ளவில்லை.

விடியற்காலை அக்பர் பாஷா எழுந்தான். வானம் மூடித் தூறிக்கொண்டிருந்தது. அன்வரி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே முக்கால்.

"இன்னும் ஒரு மணி நேரம் கீது. படுங்க."

"தூக்கம் வரலே."

"உங்களுக்கா வரலே? ஜுரமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சேவல் கூவியது. "அதுக்கும் பைத்தியம் புடிச்சுடுச்சு."

கைசர் ஜஹான் எழுந்து வந்து மணியைப் பார்த்தாள். மகனைப் பாய்ப் பக்கம் தள்ளினாள். "டேய் அக்பர் பாஷா! தூங்குடா! சர்க்கார் உன் ஒரு மணிய திருப்பிக் குடுத்துட்டாங்கடா, வாங்கிக்கோ! படுடா!"

பக்கத்து வீட்டில் விசாலாக்ஷி மாமி படுத்தபடியே காதைத் தேய்த்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூப்பாட்டை அவள் கேட்டதில்லை.

அக்பர் பாஷா குடையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

போனவன் வரவில்லை. டீ ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறியது. சுவர்க் கடிகாரம் ஐந்தரை காட்டியது. அப்போது வேலியருகில் விசாலாக்ஷி மாமியின் குரல். "ஏன்டி அன்வரி, மணி ஆறரையாறது, இன்னும் வாசல் தெளிக்கலையா?"

"ஆறரையா? எங்க வூட்ல அஞ்சரைதானே மாமி!"

மாமியாரும் மருமகளும் நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நீயுமா?" "நீங்களுமா?"

அன்வரி தலையில் அடித்துக்கொண்டாள். படுங்க படுங்க என்று சொன்னது அவள்தானே! அந்த மனுஷன் பள்ளிவாசல் பாயிலேயே சாய்ந்திருந்தால்? முப்பத்து நாலு நாளும் தண்ணீரில் போட்ட உப்பு. புர்க்காவை மாட்டிக்கொண்டாள், ஒரு கையில் டீத் தூக்கு, இன்னொரு கையில், எதற்கென்றே தெரியாமல், பவுடர் டப்பா. மழைச் சேற்றில் லஸ் வரைக்கும் நடை பாதி ஓட்டம் பாதி. வழியெல்லாம் வாய் ஸலவாத்து ஓதிக்கொண்டே வந்தது.

கடைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இஸ்திரிப் பெட்டியில் கரி கனிந்திருந்தது. அக்பர் பாஷா கழுத்தில் டேப்போடு ஒரு கோட்டுக்கு காஜா போட்டுக்கொண்டிருந்தான். அப்துல் கஃபார் முக்காலியில் உட்கார்ந்து தன் பாக்கெட் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார். குலாம் ரசூல் அப்போதுதான் வந்து குடையை உதறினான்.

"சரியா ஏழுக்கு வந்துட்டேன் உஸ்தாத்."

"என்னோடதுல எட்டுடா! நான் ஏழுக்கு வந்து ஒரு மணி நேரமா குந்திக்கினு கீறேன்!"

"உங்களது யுத்த மணி உஸ்தாத். மாத்தி வைக்கலியா?"

கிழவர் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். "அட ஆமா!" பிறகு அக்பர் பாஷாவிடம் திரும்பினார். "அப்போ நான் வந்தது ஆறுக்கா? அதுக்கே நீ கரி மூட்டிட்டு உக்காந்திருந்தியே! உன் வூட்ல இன்னா மணி?"

"எங்க வூட்ல இப்பத்தான் ஆறு," என்று வாசலிலிருந்து அன்வரி சொன்னாள், மூச்சு வாங்க.

"நான் எந்தக் கடியாரத்தையும் பாக்கல உஸ்தாத்," என்றான் அக்பர் பாஷா. "முழிப்பு வந்துச்சு, தொழுதேன். வூட்டுக்குப் போனா ரெண்டு பேரும் புடிச்சுப் படுக்கப் போட்டுடுவாங்கன்னு நேரா இங்க வந்துட்டேன்."

அன்வரி தூக்கை நீட்டினாள். அவன் கை நீட்டவில்லை. சட்டைப் பையைத் தடவிக் காலணாவை எடுத்து, அவள் இடுக்கிக்கொண்டிருந்த டப்பாவில் போட்டான். டங் என்றது. அதற்குப் பிறகுதான் டீயை வாங்கிக் குடித்தான்.

"இது இன்னாடா புது வழக்கம்?" என்று கேட்டார் அப்துல் கஃபார். அன்வரி சொன்னாள். சேவலிலிருந்து நோட்டு வரைக்கும் எல்லாம். கிழவர் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தார், வலியை மறந்து. தன்னிடம் இருந்த இன்னொரு சாவியையும் எடுத்து டப்பாவின் மேல் வைத்தார்.

"மிச்சம் அஞ்சு நாளு எதுக்கு? புடிம்மா. டப்பால சேர்றது முன்பணம். பாக்கி மாசாமாசம் ஆம்பூருக்கு அனுப்பட்டும்."

"நாப்பதுன்னா நாப்பது," என்றான் அக்பர் பாஷா, அத்தனை நாள் வெறும் பேச்சுக்குக்கூட எதையும் முடிக்காதவன். அந்தச் சாவியை மிச்சம் ஐந்து நாளும் முடித்த பிறகுதான் வாங்கினான். குலாம் ரசூல் அவனிடமே வேலைக்கு இருந்தான், இடது கை மட்டும் தைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. சேவலைப் பிரியாணி போட கைசர் ஜஹான் விடவேயில்லை. அது கிழடாகி, கூவ மறந்து, தானாகச் செத்தது.

சர்க்கார் திருப்பிக் கொடுத்த அந்த ஒரு மணித் தூக்கத்தை அக்பர் பாஷா எண்பது தாண்டிய பிறகும் வாங்கிக்கொள்ளவில்லை, இன்றும் விடியும் முன்பே எழுந்துவிடுகிறார். கடையைப் பேரன் பார்க்கிறான். அவர் இப்போது பெருங்குடியில், இளைய மகள் குல்ஷன் வீட்டில் இருக்கிறார்.