நுவரெலியாக் குளிரை வெள்ளவத்தையில் கணக்கிட்டேன்

தை மாதம் நடுவில் நுவரெலியா போனோம், உல்லாசத்துக்கல்ல. என் மனைவி பரமேசுவரியின் இருமல் வெள்ளவத்தைக் கடற்கரைப் புழுக்கத்தில் நிற்கவே இல்லை. "மலைக்காற்று நல்லது. ஆனால் கடுங்குளிர் படக் கூடாது, நெஞ்சு தாங்காது" என்றார் கொட்டாஞ்சேனை டொக்டர். அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கொழும்புக்காரர் எல்லோரும் போடும் கணக்கை நானும் போட்டேன். முந்நூறு அடி ஏறினால் வெப்பம் பாரன்ஹீட்டில் ஒரு பாகை குறையும். விடியலில் இங்கே எழுபத்தெட்டு. நுவரெலியா ஆறாயிரத்துச் சொச்சம் அடி. ஆகவே அங்கே ஐம்பத்தெட்டு. ரெயிலில் ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையிலும் உயரத்தைப் பார்த்துக் கழித்துக்கொண்டே போனேன்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா மலையையும் பாருங்கோவன்" என்று அவள் அலுத்துக்கொண்டாள். நானோ வெப்பமானியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் கணக்குக்கு ஒத்தே இறங்கியது, அதுதான் வினை.

பின்னேரம் நானுஓயாவில் இறங்கி வாடகைக் கார் பிடித்தோம். ஐந்து மைல், இரண்டு ரூபாய். பார்த்த வீடுகள் இரண்டு: ஒன்று ஓடைக்கரைப் பள்ளத்தில், மற்றது இருநூறு அடி மேலே சரிவில்.

"கீழ் வீட்டையே எடுத்துக்குங்க ஐயா, மேல காத்து பிச்சிக்கிட்டுப் போகும்" என்றார் டிரைவர் முத்தையா.

"பள்ளம் ஈரமாக் கிடக்கு. மேலை போவம்" என்றாள் பரமேசுவரி. உயரப் போனால் இன்னும் குளிரும் என்று அவள் வாயை அடைத்து, கீழ் வீட்டையே எடுத்தேன்.

விடியலில் அவளுடைய இருமல்தான் என்னை எழுப்பியது. உதடு நீலம் பாரித்திருந்தது. வெளியே புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி. வெப்பமானியில் முப்பத்துநான்கு! வெப்பமானியை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க மேல் வீட்டுக்கு ஓடினேன். அங்கே நாற்பத்துமூன்று, புல்லில் பனியே இல்லை. முகிலும் காற்றும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடுகிறது என்று அப்போதுதான் விளங்கியது. முத்தையாவைத் தேடிப் பிடித்து, காலைச் சாப்பாட்டுக்கு முன்பே அவளை மேலே கொண்டுபோனேன்.

தை, மாசியில் போகிறவர்கள் வீட்டைப் பின்னேர வெயிலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விடியலில் போய்ப் புல்லைப் பாருங்கள். பள்ளம் வேண்டாம். கம்பளி இரண்டு கூடுதலாகவே இருக்கட்டும்.

அவளுக்குத் துணையாக அவள் தங்கையை விட்டுவிட்டு, லீவு முடிந்து நான் திரும்பிவிட்டேன். இருமல் குறைகிறதாம். ஆனாலும் இங்கிருந்துகொண்டு அங்கே எத்தனை பாகை என்று நினைக்கவே பயமாயிருக்கிறது. சனிக்கிழமை போய் அவள் கையைத் தொட்டுப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.