இரண்டு சுவருக்கு நடுவில் ஒரு கோடு

எரிவாயு நிரப்பும் பெரிய இரும்புத் தொட்டிகள் செய்யும் பட்டறை அது. அங்கே அவர் சோதனைக்காரர். வெல்டர்கள் பற்றவைத்து முடித்ததும், ஒட்டு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இரும்பின்மேல் கொஞ்சம் பசையைத் தடவி, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை வைத்துத் தேய்ப்பார். நம் காதுக்கு எட்டாத சத்தம் ஒன்று இரும்புக்குள் போய், பின்சுவரில் மோதித் திரும்பி வரும். கையிலிருக்கும் சின்னத் திரையில் முன்சுவருக்கு ஒரு கோடு, பின்சுவருக்கு ஒரு கோடு எழும்பும். நடுவில் வெறுமையாக இருந்தால் நல்ல ஒட்டு. நடுவில் ஒரு கோடு தலைதூக்கினால் உள்ளே எங்கோ பிடிக்காமல் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதனால் அவருக்கு ஒட்டுக்கேட்கிறவர் என்று பட்டப்பெயர். "வர்றாருடா, குடும்ப ரகசியத்தையெல்லாம் மூடி வைங்க" என்று வெல்டர்கள் சிரிப்பார்கள். அதிலும் சத்தமாகச் சிரிப்பது அவருடைய தங்கை வீட்டுக்காரர்தான். அவரும் அங்கே வெல்டர்.

"என்ன மச்சான், இன்னிக்கு என் தொட்டி என்னைப் பத்தி என்ன சொல்லிச்சு?"

"மாப்ள தங்கமானவரு, வாய்தான் காது வரைக்கும்னு சொல்லிச்சு."

மாப்பிள்ளையின் கையைப் போல ஒரு கை அந்தப் பட்டறையிலேயே கிடையாது. அவர் போட்ட ஒட்டில் நடுக்கோடு எழும்பி யாரும் பார்த்ததில்லை. மழைக்காலம் முடிந்த சமயத்தில்தான் முதன்முதலாக ஒன்று எழும்பியது. அப்புறம் இன்னொன்று. முறைப்படி சிவப்புப் பெயின்டால் வட்டம் போட்டு மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். தங்கை வீட்டுக்காரரை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைக்கச் சோதனைக்காரருக்கு மனசு வரவில்லை. சாக்பீஸால் லேசாகக் கோடு கிழித்துவிட்டு நகர்ந்துவிடுவார். மாப்பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து மறுபடி பற்றவைப்பார். திரும்பவும் தேய்த்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால்தான் தொட்டி வெளியே போகும். அந்த விஷயத்தில் சோதனைக்காரர் கடவுளுக்குப் பயந்தவர்.

குறையெல்லாம் ஒட்டின் இடது ஓரத்திலேயே விழுந்தது. அதையும் கவனித்தார். கேட்டால் மாப்பிள்ளை சங்கடப்படுவாரே என்று வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது தங்கைதான்.

"அண்ணா, இவரு இடது கண்ணுக்குள்ள வெள்ளையா என்னமோ தெரியுது. கேட்டா, உன் முகத்தோட வெளிச்சம்டீங்கறாரு. நான் கூப்பிட்டா வரமாட்டாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல எப்பவாவது அடி பட்டுச்சா?" என்று கேட்டார்.

"வெல்டிங் கசடு தட்டறப்ப ஒரு துண்டு தெறிச்சதும்மா. ரெண்டு நாள் சிவந்திருந்துச்சு, அப்புறம் விட்டுட்டேன்."

"புரை விழுந்திருக்கு. எடுத்துடலாம். ஆனா அது மறைக்கறதால பின்பக்கம் எனக்குத் தெரியல. ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம். பின்னாடி விழித்திரை நல்லா இருந்தா பார்வை வந்துடும்."

மாப்பிள்ளை சாய்ந்து படுத்தார். விளக்கை அணைத்து, மூடிய இமைமேல் பசையைத் தடவி, பேனா போன்ற கருவியை டாக்டரம்மா வைத்தார்.

"மச்சான், உங்க பசைதான், உங்க தேய்ப்புதான். பார்த்துச் சொல்லுங்க, நான் பாஸா?"

"பேசாதீங்க, கண்ணு அசையுது" என்றார் டாக்டரம்மா.

சோதனைக்காரர் அந்த மெஷினை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் படத்துக்கு அடியில் ஓடிய கோட்டைப் பாதி ஆயுளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்னால் சில கோடுகள். கடைசியில் பின்சுவர். நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. கடவுளே, ஒன்றும் இருக்கக் கூடாது.

நடுவில் ஒரு கோடு உச்சிவரை எழும்பி நின்றது.

பசை சரியாகப் படாமல் இருக்கும் என்று நினைத்தார். அவர் மனசைப் படித்ததுபோல டாக்டரம்மா துடைத்துவிட்டு வேறு பக்கமாக வைத்துப் பார்த்தார். கோடு போகவில்லை.

விளக்கைப் போட்டதும் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். "என்ன மச்சான், பாஸா ஃபெயிலா?"

தினமும் தயங்காமல் அந்தத் தீர்ப்பைச் சொல்கிறவர் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். டாக்டரம்மாதான் சொன்னார்.

"விழித்திரை முழுசா கழண்டு சுருங்கிடுச்சுங்க. புரையை எடுத்தாலும் இந்தக் கண்ணுல பார்வை வராது. கழண்ட புதுசுல வந்திருந்தா ஒட்ட வெச்சிருக்கலாம்."

"எப்பம்மா கழண்டிருக்கும்?" என்று சோதனைக்காரர் கேட்டார்.

"சில மாசமாவது ஆகியிருக்கும்."

வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு குழந்தை கண்ணாடி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தது.

"ஒத்தக் கண்ணோட வெல்டிங்ல விடமாட்டாங்க, இல்ல மச்சான்?"

"மாட்டாங்க மாப்ள." அப்புறம் கஷ்டப்பட்டுச் சொன்னார்: "மாப்ள, எல்லாம் இடது பக்கமா விழுந்தப்பவே எனக்கு..."

"தெரியும். உங்களுக்குத் தோணியிருக்கும்னு எனக்கும் தெரியும். எங்க கேட்டுடுவீங்களோன்னு செத்துச் செத்துப் பிழைச்சேன். உங்ககிட்ட எனக்குப் பொய் வராது. கண்ணு தெரியலன்னு சொன்னா வேலை போயிடும். இன்னிக்கு மச்சான் கேக்கக் கூடாதுன்னு சாமிய வேண்டிக்கிட்டுத்தான் தினமும் பட்டறைக்குள்ள கால் வெப்பேன்."

மாப்பிள்ளை கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை நாலாக மடித்தார்.

"நீங்களும் கேக்கல."

சோதனைக்காரரும் தினமும் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்தான். தங்கை வீட்டுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்பதுதான் அவருடைய வேண்டுதல். இரண்டு பேர் வேண்டியதில் மாப்பிள்ளை வேண்டியதுதான் பலித்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, டாக்டர் என்ன சொன்னாங்க? ஆபரேஷன் என்னிக்காம்?"

"சொல்றேம்மா" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை போனை வாங்கக் கை நீட்டினார். தூரம் பிடிபடாமல், கை போனுக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கமே காற்றைப் பிடித்தது.